குமிழிகள் நின்ற இடம்

பெம்பா
4 மே 2013

சுவேனா,

நலம் விசாரித்துத் தொடங்குகிற கடிதம் இல்லை இது. போனில் பேசினால் காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்பாய், மறுநாள் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பாய். அதனால் போனை உன் மகள் சல்ஹாவுக்கு விளையாடக் கொடுத்துவிட்டேன். தாளில் எழுதினால் நிற்கும். என் எழுத்து நண்டு ஊர்ந்த மணல் மாதிரி இருக்கும். முதியோர் வகுப்பில் கற்றது அவ்வளவுதான். மெதுவாகப் படி.

மீன்கார ஹமாதி நீ இருக்கிற நுங்வியிலிருந்து வந்தான். வலையை இறக்கும் முன்னாலேயே வாயை இறக்கிவிட்டான். "பி மிசே, சந்தோசப்படுங்க, உங்க மக கடலுக்கடியில பாடம் நடத்துற டீச்சராகப் போறா! கத்தீபுதான் கூட நின்னு பழக்குறான்" என்றான். நான் கையில் இருந்த மரவள்ளிக் கிழங்கை அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அவன் என்ன நினைத்தானோ, இரண்டு சூரை மீன் தின்னக் கொடுத்துவிட்டுப் போனான். அதை நான் தொடவில்லை. பூனை தின்றது.

கத்தீபு யார் என்று உனக்கு நான் எழுத வேண்டுமா? உன் அண்ணன் ஷாமே வாயில் அந்தக் குழாயை வைத்தவன். வெள்ளைக்காரர்களின் படகு நம் பவளத்திட்டில் நங்கூரம் மாட்டிக்கொண்டு நின்றபோது, "டேய் ஷாமே, நீதான்டா இந்த ஊர் மீன், போய் எடுத்துட்டு வா" என்று சொல்லி அவன் முதுகில் சிலிண்டரைக் கட்டினவன். எஞ்சின் புகையைச் சிலிண்டருக்குள் அடைத்து என் மகனுக்குக் கொடுத்தவன். லுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்லும் முன் என் மகன் மணலில் மய்யித்தாகக் கிடந்தான். கத்தீபுடைய அம்மா மவுத்தானபோது ஊரே போனது, நான் போகவில்லை. அவன் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரே சாப்பிட்டது, நான் அவர்கள் கிணற்றுத் தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

உனக்கு அப்போது பதினேழு வயது. அழுதாய். மறந்துவிட்டாய்.

நீ டீச்சராகி, அங்கே உனக்கு அறை கொடுத்து, சல்ஹாவை அழைத்துப்போவதாகத் திட்டமாம். ஹமாதி அதையும் சொன்னான். அந்தக் கத்தீபின் கை கொடுக்கும் படிப்பு உனக்கு இருக்கும்வரை சல்ஹா இந்த வீட்டு வாசலைத் தாண்ட மாட்டாள்.

மிசே பிந்தி ஃபாகி

&nbsp;

நுங்வி
19 மே 2013

அம்மா, ஷிகமோ.

பதிலுக்கு மரஹபா என்று ஒரு வார்த்தை எழுத மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். நீங்கள் வளர்த்த வளர்ப்பு.

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்த நான்கு வருடமும் சிலிண்டர் தூக்கி, படகு கழுவி, வெள்ளைக்காரர்களுக்கு ஆமை காட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். வழிகாட்டியாக இருக்கும்வரை, ஏற்கெனவே மூழ்கத் தெரிந்தவர்களுக்கு வழி காட்டலாம், அவ்வளவுதான். பயிற்றுநர் ஆனால் ஒன்றுமே தெரியாத ஒருவருக்குத் தண்ணீருக்குள் எப்படி மூச்சு விடுவது என்று நான் சொல்லிக்கொடுக்கலாம். அவருக்குக் கிடைக்கும் சான்றிதழில் என் பெயர் இருக்கும். நம் கரையில் பெண்கள் யாருக்கும் அது இல்லை. அறையும் கிடைக்கும். சல்ஹா இங்கே பள்ளிக்கூடம் போகலாம். இதை நானே உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஹமாதி முந்திக்கொண்டான்.

கத்தீபு எனக்குச் சான்றிதழ் கொடுக்கிறவர் இல்லை, அம்மா. புத்தகப் பாடத்தை நான் வேலை பார்க்கும் டைவிங் கடையின் முதலாளியம்மா நடத்துகிறார். கடலுக்குள் பழக்குவது மட்டும்தான் கத்தீபு. ஆகஸ்டில் வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். முடிவு அவர் கையில்.

பழக்கம் எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒருவர் ஆசிரியராக நடிக்க வேண்டும், மற்றவர்கள் மாணவர்களாக நடித்து வேண்டுமென்றே தப்பு செய்வார்கள். ஆசிரியர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். என்னோடு மொம்பாசாக்காரன் கரிசா என்று ஒருவன் படிக்கிறான். கண்ணாடியைத் தலைகீழாக மாட்டுவான், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயத்தை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவி மாதிரி நிற்பான். ஒருநாள் அவன் வாய்க்குழாயைத் துப்பியதை நான் கவனிக்கவில்லை. மேலே வந்ததும், "டீச்சரம்மா, ஸ்டூடன்ட் செத்து அரை மணி நேரம் ஆச்சு, நீங்க இன்னும் மீனைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க!" என்று கத்தினான். படகே சிரித்தது. நானும் சிரித்தேன். கத்தீபு மட்டும் சிரிக்கவில்லை. இயந்திரத்தைப் பார்க்கப் போவதுபோல எழுந்து போய்விட்டார்.

சல்ஹாவுக்கு ஒரு கங்காத் துணி வைத்திருக்கிறேன். அதையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்
சுவேனா

&nbsp;

பெம்பா
11 ஜூன் 2013

சுவேனா,

ஷிகமோ வந்து சேர்ந்தது. நான் மரஹபா எழுதாதது மறதியால் இல்லை. எனக்கு மறதி வந்த நாள் நீ என்னைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றலாம்.

கத்தீபுக்கு 'அவர்' என்று எழுதியிருக்கிறாய். பார்த்தேன்.

தெற்குக் காற்று தொடங்கிவிட்டது. கடல்பாசி வளர்க்கும் கயிறுகளில் பாதி அறுந்து போயிற்று. சலாமா தன் கட்டைகளை என் கட்டைகளுக்கு ஒட்டி அடித்திருக்கிறாள், இடம் பிடிக்க. அவளிடம் நான் பேசுவதில்லை, அதனால் சொல்ல முடியவில்லை. என் பெரிய பானை மூடியை இரவல் வாங்கித் திருப்பித் தராதவள் அவள். அப்போது நீ பிறந்தே இருக்கவில்லை.

சல்ஹா நன்றாக இருக்கிறாள். வாளியில் தலையை முக்கி மூச்சடக்குகிற போட்டியில் தெருப் பையன்களை எல்லாம் தோற்கடித்தாள். ஒரு குமிழ் விட்டாளா? இல்லை. கன்னம் இரண்டும் ஊதி, கண் இரண்டும் பிதுங்கி, அப்படியே ஷாமே. நான்தான் பழக்கினேன். உன் மகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், உன் அண்ணனுடைய மகள் என்றுதான் சொல்வார்கள்.

ஹமாதி இன்னொன்றும் சொன்னான். நீ ஏதோ ஒரு பாடத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்கிறாயாம். கடைப் பையன்கள் துறையில் பேசிக்கொண்டார்களாம். ஆமை காட்டுவாய், கரிசா சிரிக்க வைத்ததைக் காட்டுவாய். தோற்பதை மட்டும் எனக்கு எழுத மாட்டாய்.

கங்கா வேண்டாம்.

மிசே

&nbsp;

நுங்வி
2 ஜூலை 2013

அம்மா, ஷிகமோ.

ஹமாதியின் வாயைத் தைக்க ஊசி தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவன் சொன்னது உண்மை.

ஒரு பாடம் இருக்கிறது. கீழே இருக்கும்போது சிலிண்டரில் காற்று தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் மேலே நீந்தி வர வேண்டும். வரும் வழி முழுக்க 'ஆ' என்று சத்தம் கொடுத்துக்கொண்டே காற்றை விட வேண்டும். சத்தம் வந்தால்தான் காற்று வெளியே போகிறது என்று அர்த்தம். இதை நான் மாணவனுக்குச் செய்து காட்ட வேண்டும். பாதி தூரம்வரை சத்தம் வரும். அதன்பிறகு என்னை அறியாமல் வாய் இறுகிவிடும். மேலே இருந்து பார்க்கிறவர்கள் கண்ணுக்கு என் குமிழிகள் நின்றுவிடும். நான் நிறுத்துவதில்லை அம்மா, அது தானாக நிற்கிறது. எத்தனை தடவை இறங்கினாலும் அப்படித்தான்.

ஏன் என்று எனக்குத் தெரியும். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், நீங்கள்தான் மறக்காதவர். பேய்க்கணவாய் பிடிக்க நானும் அண்ணனும் உங்களோடு திட்டுக்கு வருவோம். குமிழ் விட்டால் கணவாய் பொந்துக்குள் போய்விடும் என்பீர்கள். குமிழ் விட்டவர்களுக்கு அன்றைக்குக் குழம்பில் துண்டு கிடையாது. அண்ணனுக்கு எப்போதும் பெரிய துண்டு.

மேலே இழுத்த மூச்சோடு இறங்கினால் அதில் ஆபத்தில்லை. இறங்க இறங்க அந்தக் காற்று சுருங்கும், ஏறி வந்தால் பழைய அளவுக்குத் திரும்பும். ஆனால் சிலிண்டர் காற்று வேறு. அதைக் கீழே, ஆழத்திலேயே நெஞ்சு நிறைய இழுக்கிறோம். மேலே வர வர அது விரியும். விட்டுக்கொண்டே வரவில்லை என்றால் நெஞ்சுக்குள் இடம் போதாமல் நுரையீரல் கிழியும். இது எங்கள் பாடப் புத்தகத்தில் முதல் விதி. சிலிண்டர் காற்றில் ஒருபோதும் மூச்சடக்காதே.

அதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எழுதலாமா வேண்டாமா என்று இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன். நான் அன்றைக்கு வீட்டில் இருந்தேன், நீங்கள் திட்டில் இருந்தீர்கள். அண்ணன் மேலே வந்தபோது அவன் வாயோரம் என்ன இருந்தது? நுரையா, இரத்தமா? ஏதாவது கத்தினானா? அவன் வருவதற்கு முன் தண்ணீரில் குமிழிகள் வந்தனவா?

கெட்ட காற்றாக இருந்தால் தலை சுற்றும், மயக்கம் வரும், கீழேயே கிடந்துவிடுவார்கள். அண்ணன் நங்கூரத்தை எடுத்துவிட்டுத்தான் வந்தான். சங்கிலி தளர்ந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

சிலிண்டரில் புகை இல்லாமலும் இருந்திருக்கலாம், அம்மா.

சுவேனா

&nbsp;

பெம்பா
15 ஜூலை 2013

சுவேனா,

என் மகன் செத்தது உன் பரீட்சைக்குப் பாடம் இல்லை.

இத்தனை வருடம் அந்தப் புகையின் நாற்றம் என் மூக்கில் இருக்கிறது. நீ புத்தகத்தைப் பார்த்து அது இல்லை என்கிறாய். கத்தீபு சொல்லிக்கொடுத்த புத்தகமா?

எனக்கு இனி எழுதாதே. சல்ஹாவுக்கு வேண்டியதை ஹமாதியிடம் கொடுத்தனுப்பு. நான் வாங்கி அவளுக்கு உடுத்துவேன், யார் கொடுத்தது என்று சொல்ல மாட்டேன்.

&nbsp;

நுங்வி
30 ஆகஸ்டு 2013

அம்மா, ஷிகமோ.

எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

தோற்றுவிட்டேன். எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேறினேன். மயங்கிக் கிடக்கும் ஆளை மேலே கொண்டுவந்து, ஊதி ஊதி மூச்சுக் கொடுத்துக்கொண்டே படகுவரை இழுத்துவரும் தேர்விலும் தேறினேன். கரிசாவுக்கு என்னைவிட மதிப்பெண் குறைவு, ஆனால் அவன் தேறிவிட்டான். இனிப்பு வாங்கிவந்தவன் என்னைப் பார்த்ததும் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

தேர்வாளர் டர்பனிலிருந்து வந்த நரைத்த தலை அம்மா. நான் செய்து காட்டியபோது குமிழிகள் அதே இடத்தில் நின்றன. படகில் ஏறியதும் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க சொல்லிக்குடுக்கிறது நல்லா இருக்கு. ஆனா ஸ்டூடன்ட் நீங்க சொல்றதைச் செய்ய மாட்டான், நீங்க செய்யறதைத்தான் செய்வான்" என்றார். நவம்பரில் மறுபடி வருவாராம். அந்த ஒரு பாடத்தை மட்டும் அப்போது செய்து காட்டலாம். அதிலும் தோற்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடை முதலாளியம்மா அதுவரை இடம் காலியாக வைத்திருக்க மாட்டார்.

அன்று எல்லோரும் போனபின் கத்தீபு சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

"எங்க அண்ணன்கிட்ட என்ன சொல்லி அனுப்புனீங்க?"

அவர் நிமிரவே இல்லை. "இதை நீ என்னிக்குக் கேப்பேன்னு இருந்தேன்."

"கேட்டாச்சு. சொல்லுங்க."

"வாயில வை, மூச்சு இழு, சங்கிலியை எடுத்துவிட்டுட்டு வான்னேன்."

"மேல வரும்போது?"

"ஒண்ணும் சொல்லல."

"ஏன்?"

"எனக்கே தெரியாது சுவேனா. சிலிண்டர் தூக்கவும் மாட்டவும்தான் எனக்குச் சொல்லிக்குடுத்திருந்தாங்க. நான் ஒரு தடவை எறங்கியிருந்தேன், செத்துப்போகல. அவனும் சாக மாட்டான்னு நெனச்சேன்."

"எப்போ தெரிஞ்சது?"

"அப்புறம் கிளாஸ்ல சேர்ந்தேன் பாரு, மொத நாள், மொத பாடம். வெளிய போய் வாந்தி எடுத்தேன். எல்லாரும் கடல் ஒத்துக்கலன்னு கிண்டல் பண்ணாங்க."

"எங்கம்மாகிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

"வாசல்ல கால வெச்சா உலக்கையால மண்டையைப் பொளப்பேன்னு சொல்லியிருந்தாங்க." கையிலிருந்த சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, "அது ஒரு சாக்கு. அடிச்சா வாங்கியிருக்கலாம். போய் நிக்கப் பயம்" என்றார்.

அவருக்காக நான் எதுவும் கேட்கவில்லை, அம்மா. அவர் சொன்னதை உங்களிடம் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். புகை இல்லை. ஆனால் அவர் மேல் குற்றம் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அண்ணனுக்கு இப்போது நரை வந்திருக்கும்.

தினமும் இறங்குகிறேன். தினமும் அதே இடத்தில் வாய் இறுகுகிறது.

சுவேனா

&nbsp;

பெம்பா
21 அக்டோபர் 2013

சுவேனா,

உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். சோறு பொங்கும்போதெல்லாம் கையில் தட்டுப்பட்டது. இப்போது எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி எழுத மாட்டேன், ஆகையால் ஒரே அமர்வில்.

அன்றைக்குப் பெரிய வற்றம். கடல் திட்டின் விளிம்புவரை வற்றிப்போய்க் கிடந்தது. பெண்கள் எல்லோரும் தூரத்தில் சிதறி இருந்தோம், பாசி பறிக்க, சிப்பி பொறுக்க. சலாமா எல்லோரையும் தாண்டிக் கடைசி விளிம்பில் இருந்தாள், பேராசை பிடித்தவள். நீர் திரும்பினால் முதலில் பார்ப்பவள் கூவ வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அப்போதெல்லாம் முதல் கூவல் என்னுடையது. என் தொண்டை அப்படி. 'மாஜி' என்கிற அந்த ஒரு சொல்தான், தண்ணீர் என்று. 'மா'வை எடுத்தால் அடிவயிற்றிலிருந்து இழுக்க வேண்டும், அடுத்தவள் காதில் விழுந்து அவள் எடுத்துக்கொள்கிறவரை விடக்கூடாது. அவள் எடுத்ததும்தான் 'ஜி' என்று முடிக்க வேண்டும். நடுவில் விட்டால் யாரோ சும்மா கூப்பிட்டார்கள் என்று விளிம்பில் இருப்பவள் குனிந்தபடியே இருந்துவிடுவாள். நீ என் இடுப்பு உயரம் இருந்தபோதே அதை இழுத்தவள். ஷாமேக்கு அது வராது, ஆண்பிள்ளைகள் கூவுவதில்லை.

வெள்ளைக்காரர் படகு திட்டின் அந்தப் பக்கம் நின்றது. ஷாமே இறங்கினது எனக்குத் தெரியும், கத்தீபு கட்டிவிட்டதைக் கண்ணால் பார்த்தேன். காற்று இல்லாத காலை, தண்ணீர் எண்ணெய் மாதிரி. அவன் இருந்த இடத்துக்கு மேலே தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே இருந்தது, சோற்றுப் பானை மாதிரி. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கிலி தளர்ந்தது. படகில் கைதட்டினார்கள். அப்போது நீர் திரும்பியதும் கண்ணில் பட்டது. நான் 'மா' எடுத்தேன்.

எடுத்தபடியே அவன் பக்கம் பார்த்தேன். குமிழிகள் நின்றுவிட்டன.

நீ கேட்டாய், குமிழிகள் வந்தனவா என்று. வரவில்லை. அவன் கீழிருந்து ஏறிவந்த தூரம் முழுக்கத் தண்ணீர் மூடின கண் மாதிரி இருந்தது. உனக்கு ஒன்று சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. குமிழிகள் நின்றதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். வெள்ளைக்காரன் கருவியை முதுகில் கட்டியும் என் பிள்ளை ஒரு குமிழ் விடவில்லை, பார் என்று மனதில் சொன்னேன். அதற்குள் தலை மேலே வந்தது. ஒரு கத்தல் கத்தினான், மனிதக் கத்தல் மாதிரி இல்லை. வாயோரம் நுரை, இளஞ்சிவப்பு. இதுதான் நீ கேட்டது.

என் 'மா' அறுந்துவிட்டது. ஓடினேன். சலாமா குனிந்தபடியே இருந்திருக்கிறாள். தண்ணீர் சூழ்ந்து, கூடையும் போய், பவளம் காலைக் கிழித்து, படகுக்காரர்கள்தான் தூக்கி வந்தார்கள். இன்றும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பானை மூடி என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் கூவவில்லை. வேறு பெண்கள் கூவுகிறார்கள். என் 'ஜி' இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது.

புகை நாற்றம் என்று எழுதினேன். அது படகு எஞ்சினின் நாற்றமாகவும் இருக்கலாம். அவன் செத்துக் கிடந்தபோது பக்கத்திலேயே படகு நின்றது. அதற்காகக் கத்தீபை மன்னித்தேன் என்று நினைக்காதே. வாக்கியத்தைச் சொல்லாதவன் அவன்.

மிசே

&nbsp;

நுங்வி
27 நவம்பர் 2013

அம்மா, ஷிகமோ.

தேறிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபின் பல நாள் என்னால் தண்ணீரில் இறங்க முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கிடந்தேன். கரிசா மட்டும் வாசலில் நின்று, "டீச்சரம்மா, ஸ்டூடன்ட் வெயிட் பண்றான், இன்னும் சாகல" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான்.

நேற்று நரைத்த தலை அம்மா வந்தார். கரிசாதான் எனக்கு மாணவன். கீழே போய் முட்டி போட்டோம். மேலே போகும் கயிற்றைப் பிடித்தேன். மூச்சை இழுத்தேன், 'ஆ' என்று தொடங்கினேன். வழக்கமாக வாய் இறுகும் இடம் வந்தது. தாடை தானாகச் சேரப் போனது. அப்போது எனக்கு விளிம்பில் குனிந்திருக்கும் சலாமா சித்தி கண்ணில் தெரிந்தாள். விட்டால் அவளுக்குக் கேட்காது. அந்த 'ஆ' என் வாய்க்குள்ளேயே 'மா' ஆகிவிட்டது. அடிவயிற்றிலிருந்து இழுத்தேன். நீங்கள் இடுப்பில் கை வைத்து நின்று பழக்கின மாதிரி. வெளிச்சம் வந்தது, அலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி வந்தது, இன்னும் 'மா' போய்க்கொண்டே இருந்தது. தலை வெளியே வந்ததும் வாய்க்குழாயைத் துப்பிவிட்டு 'ஜி!' என்று முடித்தேன்.

கரிசா பின்னாலேயே வந்து, "என்னம்மா இது, தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டே தண்ணி தண்ணின்னு கூவுறீங்க!" என்றான். நான் அழுதுகொண்டிருந்தேன். கடல் தண்ணீரில் யாருக்கும் தெரியாது.

நரைத்த தலை அம்மா படகின் ஓரத்தைப் பிடித்துக் குனிந்து கேட்டார், "குமிழி மேல வரைக்கும் வந்துச்சு. கீழ என்ன சொன்னீங்க?" நீர் திரும்பும்போது எங்கள் பெண்கள் கூவுவது என்றேன். "அப்போ இதே மாதிரிதான் உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கணும்" என்றார்.

கத்தீபு படகின் முனையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கரைக்கு வந்தபின், "உங்கம்மாகிட்ட நான் தேறினேன்னு சொல்லாதே, நீ தேறினேன்னு சொல்லு" என்றார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. சொன்னபடியே எழுதுகிறேன்.

அடுத்த வாரம் என் முதல் வகுப்பு. வெள்ளைக்காரர்கள் இல்லை. கடலட்டை எடுக்கப் போகும் நம் கரைப் பையன்கள். யாரோ ஒருவனுடைய பழைய சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் இறங்குகிறவர்கள். மீன் பெயர், கை சைகை எல்லாம் பிறகு. முதல் வாக்கியம் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

அறையில் இரண்டு கட்டில் போட்டிருக்கிறேன். நான் கேட்கவில்லை. போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

சுவேனா

&nbsp;

பெம்பா
9 டிசம்பர் 2013

சுவேனா,

உன் கடிதத்தை சல்ஹாவை உரக்கப் படிக்கச் சொன்னேன். 'மா' வந்த இடத்தில் அவள் இழுத்தே படித்தாள்.

முந்தாநாள் பெரிய வற்றம். திட்டுக்குப் போனேன். நீர் திரும்பியதை நான்தான் முதலில் பார்த்தேன். வேறு யாராவது கூவட்டும் என்று நின்றேன். அவர்களும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், சனியன்கள். சலாமா விளிம்பில் குனிந்திருந்தாள். கூவினேன். குரல் உடைந்து ஆடு கத்தின மாதிரி இருந்தது, ஆனால் விடவில்லை. அவள் நிமிர்ந்தாள். எடுத்துக்கொண்டாள். நானும் முடித்தேன்.

கரைக்கு வரும்வரை என் பக்கத்திலேயே நடந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பானை மூடியும் வரவில்லை.

கத்தீபிடம் சொல், உலக்கை இன்னும் வாசலில்தான் இருக்கிறது. வந்து நிற்கட்டும். அடிப்பேனா இல்லையா என்பது நின்றபிறகு தெரியும்.

சல்ஹா வியாழக்கிழமைப் படகில் ஹமாதியோடு வருகிறாள். கங்கா உடுத்தியிருப்பாள், நீ அனுப்பினதுதான், யார் கொடுத்தது என்று சொல்லிவிட்டேன். தேங்காய்ப்பால் விட்ட கணவாய் என்றால் இரண்டு தட்டு சாப்பிடுவாள். காலையில் எழுப்பினால் எழமாட்டாள், காலைக் கிள்ளு. வாளித் தண்ணீரில் பெரிய ஆண்களையே தோற்கடிக்கிற அளவுக்கு மூச்சடக்குவாள், ஒரு குமிழ் விடமாட்டாள். நான் பழக்கினது.

அவளுக்கு அதை மறக்கடி.

மரஹபா.

அம்மா